செருப்பு வரிசையில் என் கால்

வைகாசி, திங்கட்கிழமை

அம்மன் கோயில் வாசலில் ஒரு தொண்டர் மறித்தார்.

"அக்கா, செருப்பைக் கழட்டிப்போட்டுப் போங்கோ."

"என்ரை பொய்க்கால் இந்தச் செருப்பின்ரை உயரத்துக்குச் செய்தது தம்பி. கழட்டினா விழுந்திடுவன்."

"ஓம், ஆனா எல்லாருக்கும் ஒரு சட்டம்தானே."

மண்ணில் உட்கார்ந்து பட்டியை அவிழ்த்தேன். பொய்க்காலையே செருப்போடு கழற்றிச் செருப்பு வரிசையில் வைத்தேன்.

"இப்ப சரியோ?"

சுடுமணலில் கையூன்றி, இருந்தபடியே அரக்கி அரக்கி நகர்ந்து உள்ளே போனேன்.

போர்க்காலச் செல்லடியில் என் கால் ஏன் போனது என்று அம்மாளிடம் எத்தனையோ வருடம் கேட்டிருக்கிறேன். இன்று கேட்கத் தோன்றவில்லை. ஒற்றைச் சிலம்போடு வாசலில் நின்று நியாயம் கேட்டவள் அவள். அழுகை வந்தது, வெட்கம் வரவில்லை.

உள்ளங்கை இன்னும் எரிகிறது. அடுத்த திங்களும் போவேன், அதே செருப்போடு.