"வா" என்றால் வாயாடி

மார்ச் 3
இன்றைக்கும் அதே தப்பு. அப்பா "வா" என்றார். வாயில் சோற்றோடு பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். "கூப்பிடல... சும்மா... பேரச் சொன்னேன்" என்றார்.

அவருக்கு நான் வாயாடி. கண்டக்டராக இருந்தவர், பதினோரு நிறுத்தங்களை ஒரே மூச்சில் சொல்வார். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே "ஏ வாயாடி" கேட்கும். முப்பது வருட சிகரெட். இப்போது என் பெயரில் ஓரெழுத்துதான் மிச்சம்.

மார்ச் 9
சர்ஜன் ஸ்கேனைக் காட்டினார். நுரையீரலின் மேல்பகுதி பழுதாகி, உப்பிப்போய், கீழே நன்றாக இருப்பதை நசுக்குகிறதாம். அதை வெட்டியெடுத்தால் மீதிக்கு இடம் கிடைக்கும். "முழுசா குணமாகாதும்மா. ஆபத்தும் இருக்கு. கொஞ்சம் நடக்கலாம், பேசலாம்."

பேசலாம் என்றதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஆபத்து என்றாரே, அதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

வரும் வழியில் அப்பா சொன்னது: "நுரையீரல... குறைச்சா... மூச்சு கூடுமாம். உன் பேச்சையும்... குறைச்சுப் பாக்கலாம்."

மார்ச் 10
பாப்பாவும் விட்டுவிட்டுப் பேசுகிறாள். "தா... த்தா... பால்." பேச்சென்றால் இப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

ஏப்ரல் 21
ஆறு வாரம் நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி. ஆபரேஷனைத் தாங்கும் அளவுக்குத் தேறிவிட்டார். நாளை ஆபரேஷன். வேணாம்ப்பா, வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிடவா? நான் ஆசப்பட்டதாலதான் இவரு ஒத்துக்கிட்டாரா? அந்த ஓரெழுத்தும் போயிட்டா —

ஏப்ரல் 22
முடிந்தது. கண் திறந்தார்.

ஏப்ரல் 29
விலாவிலிருந்து ஒரு குழாய், கட்டிலுக்கடியில் தண்ணீர் உள்ள பெட்டிக்குப் போகிறது. தையலில் காற்று கசியும்வரை அதில் குமிழி வருமாம். நின்றால்தான் குழாயை எடுப்பார்கள். அவர் முகத்தை விட்டுவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உதடு மட்டும் அசைந்தது: வா. பக்கத்தில்தானேப்பா இருக்கேன்.

மே 5
குமிழி இல்லை. மூன்று முறை குனிந்து பார்த்தேன்.

மே 9
காலையில் வார்டிலிருந்து போன். "வாயாடி, மழை பெய்யுது, புள்ளையத் தூக்கிக்கிட்டு இன்னைக்கு வராத."

நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

பாப்பா போனைப் பிடுங்கி, "தா... த்தா" என்றாள். "ஏன் இழுக்குற, நேராச் சொல்லு" என்று சிரித்தார். கொஞ்சம் இருமினார்.

சரிப்பா, வரல என்று சொல்லிவிட்டேன். குடையை எங்கே வைத்தேன்?