நான் அழுத சத்தம்

ஏனுங்க,

எங்கம்மா தவறிட்டாங்க, நேத்து சங்ககிரியில எடுத்துட்டோம். போன்ல சொல்ல வாய் வரலீங்க, அதான் எழுதறேன். நீங்க லாரி லோடோட குஜராத்துல இருக்கறீங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்.

அம்மா மேல விழுந்து அழுதேன். டிவி காமெடியில விக்கி விக்கி அழுவனே, அதே சத்தந்தான் வந்துச்சு. இத்தன வருசமா எனக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அந்த அழுகைதான். பின்னால ஒரு பொண்ணு அடக்க முடியாம சிரிச்சுட்டா. அவளப் பாத்து இன்னும் நாலு பேரு.

சௌந்திரம் பெரியம்மா காதுல சொன்னாங்க: "போதுஞ் சாமி, சனம் சிரிக்குது."

நிறுத்திட்டேன். அப்பறம் அழுகையே வரலீங்க.

நாளைக்கு சூட்டிங்குக்குக் கூப்புட்டாங்க. வாரேன்னுட்டேன். கதைப்படி நான் அழுவோணுமாம். அங்க யாரும் நிறுத்தச் சொல்லமாட்டாங்க.

உங்க ஊட்டுக்காரி