மெதுவாகப் பறக்கும் விமானம்

அன்புள்ள அப்பாவுக்கு, ஸலாம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா இறந்த பிறகு சமையல் நீங்களேதானா? குவைத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை, தூக்கம்.

கணினி விளையாட்டில் விமானம் ஓட்டுவேனே, அதற்குத் தனியாக ஒரு விமானம் வாங்கினேன். அறையில் கூட இருக்கும் எகிப்துக்காரன் ஷவ்கி பெரிய ஜெட்டைத்தான் வாங்கச் சொன்னான். நான் ஒற்றை இன்ஜின் குட்டி விமானத்தை எடுத்தேன். "ஏன்டா, காசு குடுத்து எவனாவது கழுதை வண்டி வாங்குவானா?" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

ஜெட் நம் ஊர் ஸ்ஃபாக்ஸையே நொடியில் தாண்டிவிடும். இதில் நம் வீட்டை மெதுவாகச் சுற்றிச் சுற்றி வரலாம். கீழே தெரியும் ஊர், வானிலிருந்து எடுத்த பழைய படம். பெருநாளுக்கு அம்மா கழுவிக் காயப்போட்ட சிவப்புக் கம்பளம் மொட்டைமாடியில் இன்னும் கிடக்கிறது.

யாராவது இங்கே வந்தால் அந்தக் கம்பளத்தைக் கொடுத்தனுப்புங்கள். ஏசியில் தரை சில்லிடுகிறது. மிளகாய் விழுதும் கொஞ்சம்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. ஊரின் புதுப் படம் வந்திருக்கிறது, மாற்றட்டுமா என்று கணினி தினமும் கேட்கிறது. வேண்டாம் என்றே அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்,
வஜ்தி