நுரை குறைந்த சோப்பு

அன்புள்ள நைனாவுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன், மன்னித்துவிடுங்கள். நேரில் என்றால் எனக்கு வாய் வராது.

போன வாரம் உங்கள் கைக்காக, காலேஜில் படித்த கெமிஸ்ட்ரியை வைத்து நான் காய்ச்சிய சோப்புத் தண்ணீரில், "நுரையே வரலியே, இன்னா சோப்பு இது?" என்று துணி பவுடரைக் கலந்துவிட்டீர்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையில் வெடித்த உங்கள் கை இன்னும் அதிகமாக எரிந்தது. "பொண்ணோட காலேஜு படிப்ப ஒரே ஸ்பூன்ல காலி பண்ணிட்டியேய்யா!" என்று அம்மா சிரித்தாள்.

இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கும் பாட்டிலில் தேங்காய் எண்ணெயைக் குறைத்து விளக்கெண்ணெயும் கிளிசரினும் சேர்த்திருக்கிறேன். நுரை குறைவுதான், ஆனால் தோல் வறளாது. எதையும் கலக்காதீர்கள்.

பட்டமளிப்பு விழாவன்று லீவு கிடைக்காது என்றீர்கள். "இந்தக் கையோட அங்க எப்டி போறது?" என்று அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. வெடிப்பு ஆறினாலும் ஆறாவிட்டாலும் வாருங்கள், நைனா. போட்டோவில் என் பட்டத்தை உங்கள் கைதான் பிடித்திருக்க வேண்டும்.

உங்கள் மகள்