கடலிலும் எடுக்காத கிணற்றுப் பேச்சு

அண்ணா,

நேற்று பாலக்கோட்டில் வண்டி பஞ்சர். மார்க்கெட் சாலையில் ஒரு கடை முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் ட்யூபைத் தேய்த்துச் சொல்யூஷன் பூசியபோது ரப்பர் நாற்றம் எழுந்தது. மற்றவர்களுக்கு அது பஞ்சர் கடை நாற்றம். எனக்கோ புதுச்சேரிக் கடலில் முங்கியபோது வாயில் கவ்விக்கொண்ட அந்த மூச்சுக்குழாயின் ரப்பர்தான் நாக்கில் ஊறியது. அதோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். வராமல் இருக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அந்தப் பயணத்துக்கு என்னை எதற்காகக் கூப்பிட்டீர்கள்? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி இது ஒன்றுதான். மற்றவற்றுக்கெல்லாம் எனக்கே பதில் தெரியும்.

பாகம் பிரித்தபோது கிணற்றடிக் காடு உங்களுக்கு, கல்லும் கரடுமான மேட்டுக்காடு எனக்கு. "உனக்குத்தான் காலேஜ் உத்தியோகம் இருக்குதேடா" என்று பெரியவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. கிணறு மட்டும் பொது. வாரத்தில் பாதி நாள் உங்கள் முறை, பாதி நாள் என் முறை. என் மேட்டுக்காட்டில் இருப்பதோ வானம் பார்த்து நிற்கும் மாமரங்கள். அவற்றுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்பது ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆனாலும் என் முறை நாளில் நீங்கள் மோட்டாரைத் தொட்டதில்லை. சித்திரை வெயிலில் தக்காளிச் செடி தலை தொங்கி நிற்கும், கிணற்றில் தண்ணீர் நிற்கும், நீங்கள் வரப்பில் நிற்பீர்கள். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். "அண்ணன் செடி காயுது, தம்பிக்காரன் தருமபுரியில ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கான்" என்று பேசுவார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடியாது என்று நான் சொல்லியிருப்பேன். கேட்காமல் நின்றே என்னைக் கெட்டவனாக்கியது உங்கள் சாமர்த்தியம்.

அப்படிப்பட்டவர் திடீரென்று போன் செய்து, "எல்லாரும் ஒரு நாலு நாள் கடலுக்குப் போயிட்டு வரலாம், வா" என்றால் நான் என்ன நினைப்பது?

"கெணத்து முறையை எழுதி வாங்கத்தான்" என்றேன் என் மனைவியிடம்.

"உங்க அண்ணன் குடிக்கத் தண்ணி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பீங்க" என்றாள் அவள். பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வேனில் ஏறும்போதே பின் இருக்கையில் தக்காளி கிரேட்டுகள் இருந்தன. கடலுக்குப் போகிறவர்கள் தக்காளி ஏற்றிக்கொண்டு போவதை நான் கண்டதில்லை. "நாம தங்கற எடத்துல சமையல்காரன் கடைத் தக்காளி போட்டு ரசம் வச்சான்னா எனக்கு எறங்காது" என்றீர்கள். ஊத்தங்கரை தாண்டும்வரை எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திருவண்ணாமலையில் டீ குடிக்க இறங்கியபோது என் டீக்கும் நீங்களே சர்க்கரை குறைவாகச் சொன்னீர்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று செஞ்சி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

புதுச்சேரி போன அன்று சாயங்காலமே கடற்கரை. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுரையில் கால் நனைத்தார்கள். நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் ஆழத்தில், இடுப்பில் கை வைத்து, பக்கத்துக் காட்டுக்காரன் வயலைப் பார்ப்பதுபோலக் கடலைப் பார்த்தீர்கள்.

"பாத்தியா வாத்தியாரே, இவ்ளோ தண்ணி கெடக்குது. ஒரு பாத்திக்கு ஆவுதா?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீரில் தொடங்கி முறையில் முடியப்போகிறது. சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். நீங்களோ திரும்பி, "டேய், அந்தச் சுண்டல்காரனக் கூப்புடு, போயிரப் போறான்" என்றீர்கள். மாங்காய் போட்ட சுண்டலை என் கையில் கொடுத்துவிட்டு அலையில் இன்னும் உள்ளே போய்விட்டீர்கள். அன்றிரவு சாப்பாட்டின்போதும் எதிர்பார்த்தேன். உங்கள் தக்காளியில் வைத்த ரசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்கப் போனீர்கள்.

ஆழ்கடல் முங்குதல் உங்கள் மகன் ஏற்பாடு. ஓசூரில் வேலை பார்க்கிறவன், இப்படிப்பட்டதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். தனக்கும் தன் மனைவிக்கும் என்று சொல்லி வைத்திருந்தான். நீங்கள் நடுவில் புகுந்தீர்கள். "எனக்கும் என் தம்பிக்கும் போட்டுரு. ரெண்டு பேரும் கெணத்துல முங்கி வளந்தவங்க." என்னைக் கேட்கவில்லை. மறுத்தால் பயந்தவன் என்பீர்கள். அதனால் போனேன்.

முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி முதலில் நீச்சல் குளத்தில் பழக்கினார்கள். கறுப்பு உடையில் உங்கள் தொந்தி தனியாகத் தெரிந்தது. அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எருமைக்கன்னு மாதிரி இருக்கறீங்க" என்றார். பயிற்சியாளர் இளைஞர், நல்ல பொறுமைசாலி. அவர் சொன்ன முதல் விதி, "மூச்சை மட்டும் அடக்கவே கூடாது சார். இழுத்து விட்டுக்கிட்டே இருக்கணும்."

"மூச்ச அடக்காம முங்கறதா? அதுக்குப் பேரு முங்கறதா?" என்றீர்கள்.

சிரித்தோமே தவிர, நம் இருவருக்குமே அது வரவில்லை. தலை தண்ணீருக்குள் போனதும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. பூட்டித்தானே வளர்ந்தோம். கிணற்றில் மோட்டார் குழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வில் தழையும் பாசியும் அடைத்துக்கொண்டால் இறங்குகிறவர் நீங்கள். இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்காருவது என் வேலை. "குமிழி வந்தா இழு. குமிழி வராத வரைக்கும் நான் நல்லாத்தான் இருக்கேன்." இதுதான் நீங்கள் கொடுத்த பாடம். அடக்கிய மூச்சு தீரும்போதுதான் குமிழி வரும், சரிதான். ஒரு நாள் நீங்கள் வெகுநேரம் வரவில்லை. குமிழியும் இல்லை. நான் அழுதுகொண்டே கயிற்றை இழுத்தேன். மேலே வந்து, தலைமுடியை உதறி, "குமிழி வந்துச்சாடா? வராம எதுக்கு இழுத்த? பயந்தாங்கொள்ளி" என்றீர்கள். வேண்டுமென்றேதான் கீழே இருந்தீர்கள். அதை ஊர் முழுக்கச் சொன்னீர்கள். என் கல்யாணத்தில்கூடச் சொன்னீர்கள். பெண்வீட்டார் சிரித்தார்கள்.

இனிமேல் குமிழி வராமல் இழுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தவன் நான்.

கடலில் படகிலிருந்து இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பயிற்சியாளர் முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார். கீழே கலங்கிய பச்சை வெளிச்சம். என் மூச்சின் சத்தம் எனக்கே யாரோ பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவதுபோலக் கேட்டது. கோடு போட்ட சின்ன மீன்கள் ஒரு கூட்டமாக வந்து, நம்மைப் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பின. நீங்கள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அப்போதும் என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? வாய் திறந்து மறுக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்து கேட்கப் போகிறார் என்று நினைத்தது. கண்ணாடிக்குள் உங்கள் கண் பெரிதாகத் தெரிந்தது. மீனைக் காட்டினீர்கள்.

பிறகு உங்கள் வாயிலிருந்து குமிழி வருவது நின்றது.

நான் பார்த்தேன். நின்றதைத் தெளிவாகப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் நன்றாக இருக்கிறார் என்று மீன்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் பயிற்சியாளர் உங்கள் முன்னால் வந்து நெஞ்சில் தட்டியதும், கையை ஆட்டி ஆட்டி மூச்சு விடச் சொன்னதும், நீங்கள் திமிறியதும் நான் மறுபடி திரும்பியபோதுதான் தெரிந்தது. பிடித்து வைத்து, குமிழி மறுபடி வந்த பிறகு, மெதுவாக மேலே கொண்டுபோனார்கள்.

படகில் இருமி இருமி உப்புத் தண்ணீரைத் துப்பினீர்கள். பயிற்சியாளருக்குக் கோபம். "அடக்காதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன் சார்? அடக்கிட்டு மேல வந்திருந்தீங்கன்னா நுரையீரலுக்கே ஆபத்து." பிறகு என்னைப் பார்த்து, "பக்கத்துலதான சார் இருந்தீங்க? ஒரு சைகை காட்டக் கூடாதா?" என்றார்.

"குமிழி வரல. அதனால நல்லா இருக்காருன்னு நெனச்சேன்" என்றேன்.

அவருக்கு அது பைத்தியக்காரன் பேச்சு. உங்களுக்குப் புரிந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினீர்கள். அழுகிறீர்களோ என்று பார்த்தால் சிரிப்பு. "அவன ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. அவன் சரியாத்தான் பாத்திருக்கான்" என்றீர்கள்.

"வேணும்னே அடக்குனீங்களா?" என்று கேட்டேன்.

"போடா. மீன் பாத்துக்கிட்டே மறந்துட்டேன்."

நான் நம்பவில்லை. இழுக்கிறேனா என்று மறுபடி பார்த்தீர்கள் என்றே நினைத்தேன். இன்றும் பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். மீதி நாள் என்ன நினைக்கிறேன் என்பதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

நான்கு நாளும் முடிந்தது. கிணற்றுப் பேச்சு வரவில்லை. தருமபுரியில் என் வீட்டு முன்னால் வேன் நின்றபோது கடைசி வாய்ப்பு என்று நினைத்து நானே கொஞ்சம் தாமதித்து இறங்கினேன். மிஞ்சிய தக்காளியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "வூட்டுப் பக்கம் வாடா, சும்மா" என்றீர்கள். சும்மா என்ற சொல்லைப் பல நாள் புரட்டிப் பார்த்தேன். போகவில்லை. மாசியில், மார்க்கெட்டில் கிரேட் இறக்கிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த அன்று அண்ணியிடம் கேட்டேன். "அண்ணன் அந்தக் கடலுக்கு எதுக்கு அண்ணி எங்களக் கூட்டிட்டுப் போனாரு?"

"எதுக்குன்னா? போகத்தான். ஆனா ஊர்ல நாங்க வண்டி ஏறும்போதே சொல்லிட்டாருங்க தம்பி. கெணத்துப் பேச்சு யாராச்சும் எடுத்தீங்கன்னா நடுவழியில எறக்கி வுட்டுருவேன்னாரு."

ஆக, திட்டம் போட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். ஏன்? என்னைக் காயப்போட்டு, நானாக வாய் திறந்து எடுத்துக்கங்க அண்ணா என்று சொல்லவைக்கவா? இல்லை, தம்பி நாலு நாளாவது எதையும் மோந்து பார்க்காமல் இருக்கட்டும் என்றா? அண்ணிக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பதில் சொல்லாமல் போவதிலும் உங்களுக்கு நிகர் நீங்கள்தான்.

போன வாரம் உங்கள் மகன் வீட்டுக்கு வந்தான். வேலையை விட்டுவிட்டுக் காட்டைப் பார்க்கப் போகிறானாம். காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நேராகக் கேட்டான். "சித்தப்பா, சொட்டுநீர் போடறேன். உங்க முறைத் தண்ணியையும் எனக்கு வுட்டீங்கன்னா ரெண்டு பக்கமும் தக்காளி வச்சுருவேன். என்னாங்க சொல்றீங்க?"

உங்களிடமிருந்து வரும் என்று நான் காத்திருந்த கேள்வி, ஒரு வழியாக வந்தேவிட்டது. பதிலும் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அண்ணன ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றன்டா" என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "கேட்டுச் சொல்லுங்க சித்தப்பா. அவசரம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கிண்டலாகச் சொன்னானா, இரக்கப்பட்டுச் சொன்னானா என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் பிள்ளை, எதையும் முகத்தில் காட்ட மாட்டான்.

முடியாது என்ற அந்த ஒற்றைச் சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அண்ணா. உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வதற்கென்றே வைத்திருந்தது. அவனிடம் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.