மாடத்துச் சாளரத்தை அடைக்க ஓர் ஆணை

குன்றுகள் காவல் நிற்கும் குறும்பொறை நாட்டை ஆளும் இளவெயினன், தலைநகரின் காவல் தலைவரும் எம் தந்தையார் காலந்தொட்டு இவ்வரண்மனையின் நல்லது கெட்டது அறிந்தவருமான கீரங்கொற்றனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் படையும் குறைவின்றி வாழ்க. யாம் நலமென்று எழுதும் வழக்கத்தை இம்முறை விடுத்தோம்.

நேற்று நண்பகலில் கடைத்தெரு முனையில், எழினி என்னும் தேரோட்டி தன் தேரை ஒற்றைச் சக்கரத்தில் சாய்த்துத் திருப்பியபோது, உப்பு விற்கும் சாத்தி அதன்கீழ் அகப்பட்டு மாண்டாள். அவனுக்குரிய தண்டம் யாதென்று வினவியிருந்தீர். கடைத்தெருவில் மனிதர் நடையினும் விரைவாகத் தேர் செலுத்தலாகாது என்று ஐந்தாண்டுக்கு முன் யாமே கல்லில் வெட்டுவித்தோம். அக்கல் அதே முனையில்தான் நிற்கிறது. உம் காவலர் தடுத்தபோது எழினி தன் தோளில் கிடந்த பட்டைக் காட்டினான் என்றும், அரசர் தந்த பட்டென்று கண்டு அவர்கள் வழிவிட்டனர் என்றும் எழுதியிருந்தீர். மெய்தான். சென்ற திங்கள் இதே வித்தையை வியந்து மாடத்திலிருந்து யாம் எறிந்த பட்டு அது. காவலர்மேல் குற்றமில்லை.

நீர் அறியாத ஒன்று உண்டு. நேற்றும் யாம் மாடத்தில் நின்றோம். தேர் சாய்ந்ததும் அவன் தெருவைப் பார்க்கவில்லை, எம்மைப் பார்த்தான். கைதட்ட உயர்த்திய எம் கை உயர்ந்தபடியே நின்றுவிட்டது. அழுகை வரவில்லை. வேளை தவறாமல் உண்டோம். உணவில் உப்பு இருந்ததா என்பது நினைவில்லை. மனம் மரத்துக் கிடக்கிறது.

அவன் தலையைக் கொய்து ஊரின் சினத்தை ஆற்றலாம் என்றனர் அமைச்சர்கள். யாம் ஒப்பவில்லை. அவனைக் கொன்றால் எம் பங்கும் அவனோடு புதைந்துவிடும். அவ்வளவு எளிதில் தப்ப யாம் விரும்பவில்லை. கல்லில் உள்ளபடியே செய்க: தேரை உடைத்துவிடுக, வாழ்நாளில் இனி அவன் கடிவாளம் தொடலாகாது. அதன்கீழ் இன்னொரு வரியும் வெட்டுக: பொதுத்தெருவில் நடக்கும் பந்தயத்தையும் வித்தையையும் கண்டு பரிசளித்து ஊக்குபவருக்கும் இதுவே தண்டம். அவ்வரியின்படி முதலில் உடைபட வேண்டிய தேர் அரண்மனைக் கொட்டிலில் நிற்கிறது. ஆளனுப்புக. மாடத்துச் சாளரத்தையும் செங்கல் வைத்து அடைத்துவிடுக.

சாத்தி கடைசியாக ஏதேனும் சொன்னாளா என்று மட்டுமே அவள் கணவன் அந்துவன் கேட்டதாக எழுதியிருந்தீர். கண்டவர் யாம், யாமே சொல்ல வேண்டும். நாளை நண்பகலில் கடைத்தெரு வழியே அவன் வீட்டுக்கு நடந்து வருவோம். முரசு வேண்டாம், குடை வேண்டாம்.

தேர் பொறித்த எம் பழைய இலச்சினை இவ்வோலையில் கடைசி முறையாக இடப்பட்டது. ஆணை இது: யாம் வருகையில் தெருவில் எவரையும் ஒதுங்கச் சொல்ல வேண்டாம்.