படி துடைக்கும் வாரம்

ஸ்டுட்கார்ட், ஹெஸ்லாக்
14 செப்டம்பர் 1974

அன்புள்ள ரோஸ்விதா,

நான் நலம். நீயும் நலமாய்த்தான் இருப்பாய், மேட்டுக் காற்று உடம்புக்கு நல்லதாமே. உன் அக்கா எல்ஃப்ரீடேவின் கால் கட்டைப் பிரித்து ஒரு மாதமாகிறது, கடைக்கெல்லாம் நடந்து போகிறாளாம். நடக்கிறவளுக்குத் துணை எதற்கு? தொலைபேசியில் கேட்கலாமென்றால் உன்னிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

இங்கே பள்ளத்தில் புழுக்கம் இன்னும் போகவில்லை. சுற்றிலும் மலையை வைத்துக்கொண்டு காற்று எங்கிருந்து வரும்? ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் வாசம்தான் வருகிறது. சமையலறையில் நின்றால் மலை உச்சியில் உங்கள் டெகர்லோக் விளிம்பு தெரியும். அங்கே விளக்கு எரியும்போது இங்கே எனக்கு வயிறு எரிகிறது.

அங்கே மேலே ஓட்டிங்கர், கடை திறந்ததற்கு அடையாளமாகத் தன் திராட்சைத் தோட்டத்து வீட்டு வாசலில் துடைப்பத்தைக் கட்டிவிட்டுப் புது ஒயின் விற்கிறாராம். நீ அங்கே பரிமாறுகிறாயாம். பட்டறையில் ஒருத்தன் வந்து, "உன் பொண்டாட்டி சிரிச்சா கடைசி மேசை வரைக்கும் கேக்குதுப்பா" என்றான். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

எப்போது வருகிறாய்?

உன்
எர்வின்

டெகர்லோக்
18 செப்டம்பர்

அன்புள்ள எர்வின்,

சிரிப்பதும் குற்றமா? ஓட்டிங்கருக்கு மனைவி இல்லை, கூட்டமோ தாங்கவில்லை. சாயங்காலத்தில் கொஞ்சம் கைகொடுக்கிறேன். தட்டை வைத்தால் "நன்றி" என்கிறார், அவ்வளவுதான். முதல் நாள் யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

காலையில் எழுந்தால் கீழே ஊரே இருப்பதில்லை, வெறும் மூடுபனி. பிறகு பாதி மலையில் இருக்கிற பணக்காரர்களின் கூரைகள் வருகின்றன. நம் வீடு மட்டும் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

இந்த வாரம் பொது மாடிப்படி துடைப்பது நம் முறை. யார் முறையோ அவர்கள் கதவில் மாட்டுகிற பலகை இப்போது நம் கதவில் தொங்குமே, பார்த்தாயா? சனிக்கிழமைக்குள் முடித்துவிடு. திருப்பத்து மூலையில் அழுக்கு சேரும், ஈரத்துணியை விரலில் சுற்றித் துடை.

ரோஸ்விதா

ஹெஸ்லாக்
22 செப்டம்பர்

அன்புள்ள ரோஸ்விதா,

கவலையை விடு. படி கண்ணாடி மாதிரி இருக்கிறது. மூன்றாம் மாடி கீன்ஸ்லே அம்மா பலகையைக் கழற்றித் தன் கதவில் மாட்டிக்கொண்டாள். "ஆம்பளைங்க துடைச்சா அழுக்கு இடம் மாறும், போகாது" என்றாள். வாசல் நடைபாதையும் அவளே பெருக்கினாள். நேற்று ஒரு சட்டி பருப்பும் முட்டைச் சேமியாவும் கொண்டு வந்து தந்தாள். குறை சொல்ல முடியாது.

ஓட்டிங்கர் எப்படி இருக்கிறார்?

எர்வின்

டெகர்லோக்
25 செப்டம்பர்

எர்வின்,

என் வாரத்தை அவளுக்குத் தூக்கிக் கொடுக்க நீ யார்? முறை முடியுமுன் ஒருத்தியின் கதவிலிருந்து அந்தப் பலகை போனால் அவள் செத்திருக்க வேண்டும், இல்லை ஓடிப்போயிருக்க வேண்டும். அவள் பெருக்கியதைத் தெருவே பார்த்திருக்கும்.

எனக்குத் தெரியாதா அவளை? புருஷனைப் புதைத்த வருஷமே ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டவள். ஆமாம், பொறாமைதான். என் படியில் இன்னொருத்தி முட்டி போட்டிருப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. அந்தச் சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடு. வெறும் சட்டியாகவே கொடு.

ரோஸ்விதா

ஹெஸ்லாக்
1 அக்டோபர்

என் அன்பு ரோஸ்விதா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று நீ எழுதியதில்லை. உனக்கும் எரிகிறது என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. ஓட்டிங்கரை நினைத்து நான் பட்ட பாடு இதுதான்.

12-ஆம் தேதி வாரம் மறுபடி நம் முறை. வந்து உன் படியை நீயே துடைத்துக்கொள். வராவிட்டால் கீன்ஸ்லே இருக்கவே இருக்கிறாள்.

உன்
எர்வின்

டெகர்லோக்
13 அக்டோபர்

அன்புள்ள எர்வின்,

நேற்று நான் வந்தேன். பல்சக்கர ரயிலில் மலையிறங்கி, பெட்டியோடு நடந்து வந்தேன். துணியெல்லாம் அதில்தான் இருந்தது, மேலே எதையும் விட்டுவைக்கவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்தேன், சண்டைக்கு வேண்டிய வார்த்தையெல்லாம் வழியிலேயே சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அவள், "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடிங்க, எர்வின்" என்றாள். அப்போதுதான் உன்னைப் பார்த்தேன். ஒரு படி மேலே நின்று நீ அவளுக்கு வாளி பிடித்துக்கொண்டிருந்தாய். "பாத்து, முட்டியில ஈரம் படுது" என்றாய்.

இருபத்தாறு வருஷம் அந்தப் படியில் முட்டி போட்டிருக்கிறேன். நீ பட்டறை ஷூவோடு என்னைத் தாண்டிப் போவாய். ஆண்களுக்கு வாளி கண்ணில் படாது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவள் துடைத்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். நீ வாளி பிடித்ததைத் தாங்க முடியவில்லை.

உன்னைக் கூப்பிடாமல் திரும்பினேன். ரயிலுக்கு நிற்கப் பொறுக்காமல், தோட்டங்களுக்கு நடுவே மலைப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பாதியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு மீதியையும் ஏறிவிட்டேன்.

இனி வரமாட்டேன். நீயும் என்னைத் தேடி வர வேண்டாம்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல். ஒவ்வொரு மாடிக்கும் தண்ணீரை மாற்ற வேண்டும். அவள் மாற்றவில்லை. நான் பார்த்தேன்.

ரோஸ்விதா